பாயில் என் முறை

ஓய்வுநாள் பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு,

ஆசிரியர் பயிற்சி முகாமில் ஒரு மணி நேரம் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் இசையவில்லை. உடல்நிலை காரணம் என்று பதில் அனுப்பினேன், அது உண்மையல்ல. மேடை எனக்குப் பழகிய இடம். அங்கே ஏறினால் எதையும் நன்றாகப் பேசிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாடத்தை ஆயத்தம் செய்வது, படங்களைக் காட்டுவது, வசனங்களை மனப்பாடம் செய்விப்பது ஆகியவற்றை உங்கள் கையேடு சொல்லும். பெருமையையும் பொறாமையையும் விட்டுத் தாழ்மையைப் பற்றிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்று உங்களில் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்தவை இரண்டே: அதை ஒருவர் கற்பித்ததை நான் நேரில் பார்த்தேன், அது நின்றுபோனதற்கு நான் காரணமாக இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் வீடு கட்டிக் குடிவந்தேன். அரசு அலுவலகத்தில் அதிகாரி. முதுகலைப் பட்டம் பெற்றவன். சபையில் அந்நாட்களில் பட்டதாரிகள் குறைவு. வந்த இரண்டாம் ஆண்டிலேயே ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பு என்னிடம் வந்தது. ரயில்வே குடியிருப்பிலிருந்தும் ஏரிக்கரைத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். என் மேசைமீது ஒரு பித்தளை மணி இருக்கும். அதை ஒருமுறை தட்டினால் போதும், கூடம் முழுவதும் அடங்கும். அந்த அமைதியை மரியாதை என்று எண்ணியிருந்தேன். வகுப்பு முடிந்து வெளியே ஓடும்போது பிள்ளைகள் என் மேசையைத் தொடாமல், அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஓடுவார்கள். அதையும் மரியாதை என்றே எண்ணினேன்.

ஓர் ஆண்டு, வசனப் போட்டியில் முதற்பரிசு யாருக்கு என்பதில் இரண்டு தாய்மார் ஆலய வாசலிலேயே சண்டையிட்டுக்கொண்டார்கள். மறுவாரம் அவர்கள் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தீர்மானித்து, புதிய பரிசு ஒன்றை அறிவித்தேன். ஆண்டு முழுவதும் மிகுந்த தாழ்மையோடு நடந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒரு கோப்பை. என் சொந்தச் செலவில் வாங்கி, எழுத்துப் பொறித்தேன். 'தாழ்மைக்கான பரிசு' என்பது ஒரு வரி. அதன் கீழே என் பெயர், பட்டம், பதவி என்று மூன்று வரிகள். அதில் எதுவும் பொருத்தமில்லாதது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே மாதத்தில் பலன் தெரிந்தது. முன்வரிசைப் பெஞ்சுகள் காலியாயின. பின்வரிசைக்கு அடிதடி.

"நீ முன்னாடி போ. நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

"நான்தான் மொதல்ல பின்னாடி வந்தேன். நீ போ."

"தள்ளுடி, சார் பாக்குறாரு."

பிறந்தநாள் கொண்டாடிய ஒரு சிறுமி மிட்டாய்த் தட்டை நீட்டினால், "மத்தவங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். தட்டு சுற்றி முடித்து நிறைந்தபடியே திரும்பும். நான் மனநிறைவோடு குறிப்பேட்டில் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பு எடுத்தவர் ஒரு பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆள் கிடைக்காத ஒரு பருவத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொண்டோம். பிறகு பிள்ளைகள் அவரை விடவில்லை. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படி ஒரு மிட்டாய்த் தட்டு திரும்பிவந்த நாளில் அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பரிசுன்னு சொன்னா பசங்க இன்னா வேணா செய்யுங்க. தாழ்மையா இருன்னா, அதுலயும் ஃபர்ஸ்ட் வரப் பாக்குங்க."

"அப்ப நீங்க உங்க வகுப்புல என்ன செய்யறீங்க?"

"நான் இன்னா சார் செய்றேன். பாயில உக்காந்துகினு அதுங்க வயித்தெரிச்சலைக் கேக்குறேன்."

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் முன்னறிவிப்பின்றி அவர் வகுப்பைப் பார்வையிடச் சென்றேன்.

ஆலயத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், ஒரு கோரைப்பாய். சுமார் பதினைந்து பிள்ளைகள் வட்டமாக. என்னைக் கண்டதும் அவர் நகர்ந்து, பாயில் தமக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். நான் நாற்காலி கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் அவரே பேசினார். "இந்த வாரம் எங்க லைன்ல புச்சா ஒரு பொண்ணு வந்துகீது. நான் பத்து ஜோடி தைக்கிற நேரத்துல அது பதினாலு தைக்குது. சூபர்வைசர் அத்தப் பாத்து சிரிக்கிறாரு. எனக்கு எரிஞ்சுச்சு. அது ஊசி ஒடஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் ஒரே குரலில், "அவங்க நல்லா இருக்கட்டும்" என்றார்கள். அவ்வளவுதான் ஜெபம். பிறகு வட்டத்தில் அடுத்த முறை.

"தம்பிக்கு மட்டும் முட்டை வெச்சாங்க, அக்கா."

தம்பியின் பெயர். அவன் நல்லா இருக்கட்டும்.

"எனக்கு எரியலை, அக்கா. நான் பெருமைப்பட்டேன். எங்க வூட்டுக்குக் கலர் டிவி வந்துகீது."

"யாருகிட்ட சொல்லிகினே?"

"எல்லார்கிட்டயும்."

"சரி. இன்னிக்கு யாரக் கூப்ட்டுக் காட்டப் போற?"

அந்தச் சிறுமி யோசித்து, முட்டை கிடைக்காதவளைக் கூப்பிட்டாள்.

தாழ்மையைப் பற்றி நான் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்திருக்கிறேன். தாழ்மை என்பது தன் உள்ளத்தில் உள்ளதை மறைக்காமல் தரையில் வைப்பது என்று என் பிரசங்கங்கள் எதிலும் சொன்னதில்லை. வகுப்பு முடிந்ததும் அவருடைய பாடக் குறிப்பேட்டை வாங்கி, 'மிக நன்று. தொடர்ந்து செய்க' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டு பிள்ளைகள் அவர் மடியில் ஏறிக்கொண்டார்கள். ஒருத்தி அவர் விரல் நுனியிலிருந்த ஊசித் தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் போகும்வரை யாரும் அசையவில்லை.

அடுத்து வந்தது சபைக் கமிட்டித் தேர்தல். ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் அம்முறை தோற்றார். அவருடைய மகள் கிருபா மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வென்றவரின் மகள் ஷீபாவும் அதே வகுப்பு. அடுத்த ஞாயிறு பாயில் கிருபாவின் முறை வந்தபோது அவள் சொன்னது இது: "ஷீபாவைப் பாத்தா எனக்கு எரியுது. அவங்கப்பா ஜெயிச்சிட்டார். எங்கப்பா ரெண்டு நாளா சாப்பிடலை. அவங்க வீட்டு ஆளுங்களோட பேசக் கூடாதுன்னு சொல்லிட்டார்."

அடுத்ததாக உட்கார்ந்திருந்த ஷீபா, தான் வாரம் முழுதும் பெருமையாக இருந்ததாகச் சொன்னாளாம். இரண்டு பிள்ளைகளும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி, நல்லா இருக்கட்டும் என்று முடித்துவிட்டு, சேர்ந்து போய்த் தண்ணீர் குடித்தார்களாம். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தது. புதன்கிழமை ஜெபக் கூட்டத்திற்குள், முன்னாள் செயலாளர் வீட்டில் பட்டினி கிடக்கும் செய்தி சபை முழுவதும் பரவியிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்தை ஒட்டிய அறையில் கமிட்டி கூடியது. ஆயர் தலைமை. கிருபாவின் தகப்பனார் உட்காரவே மறுத்தார்.

"ஒன்பது வருஷம் இந்தச் சபைக்கு உழைச்சவன் நான். இன்னிக்கு என் வீட்டுச் சாப்பாட்டுக்காக மூணாங்கிளாஸ் பசங்க ஜெபம் பண்ணுது, ஐயா."

யாரோ சிரிப்பை அடக்கினார். அது அவருக்குக் கேட்டுவிட்டது, முகம் சிவந்துபோயிற்று.

"எட்டாங்கிளாஸ் படிச்சவங்ககிட்ட வகுப்பைக் குடுத்தா இப்படித்தான்" என்றார் இன்னொருவர். அந்தப் பெண் கதவருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய பை. பையில் அந்தக் குறிப்பேடு இருந்தது எனக்குத் தெரியும். குறிப்பேடு இல்லாமல் அவர் ஞாயிறன்று வந்ததேயில்லை.

ஆயர் என்னிடம் திரும்பினார். "சார், இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துதா?"

ஒரு விவரத்தை நான் மறைக்கக் கூடாது. பேராய அளவில் அமையவிருந்த கல்விக் குழுவுக்கு அம்மாதம் என் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் அதனால் மட்டும்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால், அதுவும் ஒருவகையில் என்னை உயர்த்திக்கொள்வதாகும். பதவி ஆசை கொஞ்சம் கௌரவமான குற்றம். உண்மையில், ஆயர் கேட்ட அந்தக் கணத்தில் என் கண்முன் நின்றது அந்தப் பெண்ணின் மடியில் ஏறிய பிள்ளைகள்தான்.

"என் பார்வைக்கு வரலை, ஐயா" என்றேன்.

அந்தப் பெண்ணின் கை பையின் ஜிப்பின்மேல் இருந்தது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பாயில் ஒரு பிள்ளை தயங்கினால் எப்படிக் காத்திருப்பாரோ, அப்படிப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார் போலும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். அவர் ஜிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சார் சொல்லிட்டாங்க இல்ல. நான் நிறுத்திக்கிறேன், ஐயா." பிறகு எழுந்து கிருபாவின் தகப்பனாரிடம், "அண்ணா, பாப்பாவ அடிக்காதீங்க. அது உங்க மேல பாசத்துலதான் சொல்லிச்சு" என்றார்.

அவர் வெளியே போனபோது ஒருவரும் எழவில்லை.

மூன்றாம் வகுப்பை ஒரு பட்டதாரி ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். பிள்ளைகள் பெஞ்சில் அமர்ந்தார்கள். கோரைப்பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். அவர் சில வாரங்கள் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார், பிறகு வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்.

அவ்வாண்டு இறுதியில் கோப்பைக்குப் பெயர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புதிய ஆசிரியர் கிருபாவைப் பரிந்துரைத்தார். "ரொம்ப அடக்கமான பொண்ணு சார். வருஷம் பூரா வாயே தொறக்கலை." பரிசளிப்பு விழாவில் நானே அதை அவள் கையில் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். மறுவாரம், வகுப்பு தொடங்குமுன் அவள் என் மேசையருகே வந்து, கோப்பையை மணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா? அப்பா வேண்டாம்னு சொன்னாரா?"

"இல்ல சார். எனக்குத் தாழ்மையெல்லாம் இல்ல. பேச பயமா இருக்கு, அவ்ளோதான்."

அவள் போய் இடத்தில் உட்கார்ந்தாள். நான் மணியைத் தட்டினேன். கூடம் அடங்கியது. அந்த அமைதி என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கோப்பையை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அந்தப் பரிசை அதன்பின் அறிவிக்கவில்லை. ஏன் நிறுத்தினேன் என்று யாருக்கும் சொல்லவுமில்லை. பிறகும் பல ஆண்டுகள் அதே மேசையில், அதே மணியோடு அமர்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு மனைவி காலமானார். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போவதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாராவது என்மேல் இடித்துவிட்டு, "சாரி பெருசு" என்பார்கள். வாரத்தில் யாராவது என்னைத் தொட்டது அந்த ஒரு நாள்தான்.

பழைய கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றின் அருகில், "சார்" என்று ஒரு குரல். திரும்பினால் அவர். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"இன்னா சார், இளைச்சுட்டீங்க. அம்மா நல்லாகீறாங்களா?"

சொன்னேன். அவர் என் கையிலிருந்த வெறும் பையைப் பார்த்தார்.

"திருநீர்மலை போற ரோட்டுலதான் நம்ம வூடு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்குத் தெருப் பசங்க வருதுங்க. எல்லா வூட்டுப் பசங்களும்தான். பாய் விரிச்சு உக்காந்துப்போம். வாங்க சார்."

போனேன். கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்துப்போகலாமா என்றுகூட யோசித்தேன், நல்லவேளை, எடுத்துப்போகவில்லை. வழிநெடுக, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்டேன். அலுவலகக் கடிதத்தைக்கூட அவ்வளவு திருத்தியதில்லை.

அந்த வீட்டில் நாற்காலி இல்லை. அவர் நகர்ந்து பாயில் இடம் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தேன். ஒரு சிறுமி, கேட்காமலே, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து மூடி விளையாடத் தொடங்கினாள். வட்டம் சுற்றி வந்தது. புதுச் செருப்பு, அக்காளின் கொலுசு, கணக்கில் முழு மதிப்பெண். ஒவ்வொரு பெயருக்கும், நல்லா இருக்கட்டும். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தாத்தா, உங்க டர்ன்."

வாக்கியம் தயாராக இருந்தது. பதினைந்து ஜோடிக் கண்கள். அவரும் பார்த்தார், அதே பார்வை, கமிட்டி அறையில் பார்த்தது போலவே.

"எனக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்லை" என்றேன்.

கூட்டை வைத்திருந்த சிறுமி உடனே சொன்னாள்: "பொய். எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்."

"வுடும்மா" என்றார் அவர். "அடுத்த வாரம் சொல்வாங்க."

அடுத்த வாரம் நான் போகவில்லை. முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் மழை. பிறகு, இத்தனை வாரம் போகாமல் இப்போது எப்படிப் போவது என்ற கூச்சம். பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறன்று துணிந்து போனபோது வேறு குடும்பம் அங்கே இருந்தது. கம்பெனியை வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம். அவரும் அங்கேயே போய்விட்டாராம். ஊர் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் யாராவது என்னை அடையாளம் காண்பார்களா என்று நின்று பார்த்தேன். பிள்ளைகள் சில மாதங்களிலேயே வளர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் தரமுடிந்த பதில் இதுதான். தாழ்மைக்குப் பரிசு கொடுக்காதீர்கள். பேசாத பிள்ளையைத் தாழ்மையுள்ள பிள்ளை என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் உங்களைவிட வேறொருவரை அதிகமாக நேசிப்பதைக் காணும் நாள் உங்களுக்கும் வரும். அன்று வீட்டுக்குப் போகுமுன் யாரிடமாவது அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்துப்போனால் அது ஒரு கமிட்டி அறையில், நீங்கள் எதிர்பாராத ஒரு கேள்விக்குப் பதிலாக வெளியே வரும்.

இனி, தவறவிட்ட என் முறை.

மூன்றாம் வகுப்பைப் பார்வையிட்ட அந்த வாரம் நான் பொறாமைப்பட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்த, கையுறை தைக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர் வகுப்பை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். அவர் குறிப்பேட்டில் 'மிக நன்று' என்று எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது. ஆயர் கேட்டபோது இல்லை என்றேன்.

பாயின் விதிப்படி, சொன்ன பிறகு அந்த மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சேர்ந்து முடிக்க வேண்டும். தாளில் எழுதிய பெயருக்கு யார் குரல் கொடுப்பது? ஆகவே எழுதவில்லை. சற்றுமுன் பேனாவை வைத்துவிட்டு, என் வீட்டுக் கூடத்தில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன். சேர்ந்து சொல்ல யாரும் இல்லாததால், அவங்க நல்லா இருக்கட்டும் என்பதையும் நானே சொன்னேன்.